தெரிவுச் சுமை

தெரிவுச் சுமை என்பது, ஒருவர் முன் உள்ள மாற்றுகளின் எண்ணிக்கை மிகும்போது அவரால் முடிவெடுக்க இயலாமல் போவதையும், எடுத்த முடிவில் அவருக்கு நிறைவு குறைவதையும் குறிக்கும் உளவியல் கருத்துரு ஆகும். மிகைத்தெரிவு, தெரிவு முரண் என்னும் பெயர்களும் இதற்கு வழங்குகின்றன. உளவியல், பொருளியல், சந்தையியல், பொதுக் கொள்கை ஆகிய துறைகளில் இது ஆராயப்படுகிறது.

தெரிவுகள் கூடினால் நன்மையும் கூடும் என்பது மரபான பொருளியலின் எடுகோள். புதிதாகச் சேர்ந்த ஒன்று பிடிக்கவில்லையெனில் அதை விட்டுவிடலாம். ஆகவே கூடுதல் தெரிவால் எவருக்கும் தீங்கு நேராது என்று அது கருதியது. 2000 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இந்த எடுகோளுக்கு எதிரான சான்றுகளை முன்வைத்தது. அதைத் தொடர்ந்து, "குறைவே நிறைவு" என்ற கருத்து நூல்கள் வழியாகவும் இதழ்கள் வழியாகவும் உலகெங்கும் பரவியது. ஆனால் 2010 ஆம் ஆண்டு முதல் வெளிவந்த தொகுப்பாய்வுகள், எண்ணிக்கை மட்டுமே சுமையாவதில்லை என்று காட்டின. தெரிவுகளை ஒப்பிடுவது கடினமாகவும், தெரிவு செய்பவருக்குத் தன் விருப்பம் தெளிவற்றும் இருக்கும்போதே பெரிய எண்ணிக்கை சுமையாக மாறுகிறது என்பது இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம்.

வரையறை

ஆய்வாளர்கள் தெரிவுச் சுமையைப் பொதுவாகப் பின்வரும் விளைவுகளைக் கொண்டு அளவிடுகின்றனர்:

* முடிவைத் தள்ளிப்போடுதல், அல்லது எதையும் தெரிவு செய்யாமல் விலகுதல்
* தெரிவு செய்த பொருளில் நிறைவு குறைதல்
* எடுத்த முடிவு சரிதானா என்ற ஐயமும், கைவிட்டவற்றை எண்ணிய வருத்தமும்

முடிவெடுக்க நெடுநேரம் ஆவது மட்டும் தெரிவுச் சுமை ஆகாது. மாற்றுகள் கூடக் கூட மறுவினைக்கான நேரமும் கூடும் என்பதை 1952 இல் வில்லியம் எட்மண்ட் ஹிக்கும், 1953 இல் ரே ஹைமனும் சோதனைகள் வழியாகக் காட்டினர். இது ஹிக் விதி எனப்படுகிறது. அந்த விதி நேரத்தைப் பற்றியது. தெரிவுச் சுமையோ முடிவின் தன்மையையும் முடிவெடுத்தவரின் மனநிலையையும் பற்றியது. நெடுநேரம் மகிழ்ச்சியோடு புடவை தேர்ந்தெடுப்பவர் சுமையை உணர்ந்தார் என்று கொள்ள முடியாது.

கருத்தின் தோற்றம்

இரண்டு மாற்றுகளுக்கு இடையில் சிக்கி முடிவெடுக்க இயலாத நிலை மெய்யியலில் பழைய சிக்கல். ஒரே அளவிலான இரண்டு வைக்கோற் குவியல்களுக்கு நடுவில் நின்று, எதைத் தின்பது என்று தெரியாமல் பட்டினியால் இறக்கும் கழுதையின் கதை, 14 ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு மெய்யியலாளர் ஷான் புரிடானின் பெயரால் வழங்குகிறது. அரிஸ்டாட்டிலின் எழுத்திலும் இதையொத்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அங்கே பசியும் தாகமும் சமமாக உள்ள மனிதன் அசையாமல் நிற்கிறான். எனினும் இந்த எடுத்துக்காட்டுகள் மாற்றுகளின் சமநிலையைப் பற்றியவை. எண்ணிக்கையைப் பற்றியவை அல்ல.

எண்ணிக்கையின் சிக்கலுக்கு அடித்தளம் அமைத்தவர் அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன். மனிதர் எல்லா மாற்றுகளையும் எடைபோட்டு மிகச் சிறந்ததைத் தெரிவதில்லை என்று 1950களில் அவர் வாதிட்டார். நேரமும் அறிவும் கவனமும் வரம்புக்கு உட்பட்டவை. ஆகவே மனிதர் ஒரு குறைந்தபட்ச அளவுகோலை வைத்துக்கொண்டு, அதை நிறைவு செய்யும் முதல் மாற்றை ஏற்றுக்கொள்கின்றனர். இதனைப் "போதுமை காணல்" எனலாம். முடிவெடுத்தல் பற்றிய ஆய்வுகளுக்காகச் சைமனுக்கு 1978 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

1970 இல் வெளியான "ஃபியூச்சர் ஷாக்" என்ற நூலில் ஆல்வின் டொஃப்லர் மிகைத்தெரிவு என்ற பொருள்தரும் சொல்லைப் பயன்படுத்தினார். தொழில்மயச் சமூகம் எல்லோருக்கும் ஒரே மாதிரியான பொருள்களைத் தந்து மனிதரை ஒடுக்கும் என்று அக்காலத்தில் பலர் அஞ்சினர். டொஃப்லர் அதற்கு நேர்மாறாக, வருங்காலத்தின் சிக்கல் தெரிவின்மை அல்ல, அளவு மீறிய தெரிவே என்று கணித்தார்.

1992 இல் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் எல்டர் ஷாஃபிரும் வெளியிட்ட ஆய்வு இக்கணிப்பைச் சோதனைக்கு அருகில் கொண்டு வந்தது. ஒரு நாள் தள்ளுபடியில் ஓர் இசைக்கருவி மலிவாகக் கிடைப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுமாறு மாணவர்களிடம் கூறப்பட்டது. அந்த ஒரு கருவி மட்டும் இருந்தபோது, வாங்காமல் காத்திருப்போம் என்றவர்கள் 34%. அதே தள்ளுபடியில் விலையும் தரமும் உயர்ந்த மற்றொரு கருவியும் சேர்க்கப்பட்டபோது, காத்திருப்போம் என்றவர்கள் 46% ஆக உயர்ந்தனர். நல்ல மாற்று ஒன்று கூடியதால் வாங்கும் விருப்பம் குறைந்தது.

ஜாம் ஆய்வு

இத்துறையில் மிகவும் அறியப்பட்ட ஆய்வு ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் ஆகியோர் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டதாகும். ஐயங்கார் 1969 இல் கனடாவின் டொராண்டோ நகரில், இந்தியாவிலிருந்து குடிபெயர்ந்த சீக்கியப் பெற்றோருக்குப் பிறந்தவர். இளமையிலேயே பார்வையை இழந்தவர். பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். லெப்பர் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக உளவியலாளர்.

கலிபோர்னியாவின் மென்லோ பார்க் நகரில் உள்ள ஒரு பெரிய பல்பொருள் அங்காடியில், சுவைத்துப் பார்ப்பதற்காக ஒரு மேசையில் ஜாம் வகைகள் வைக்கப்பட்டன. சில மணி நேரம் 24 வகைகளும், சில மணி நேரம் 6 வகைகளும் வைக்கப்பட்டன. எல்லோரும் பழக்கத்தால் எடுத்துக்கொள்ளக்கூடிய ஸ்ட்ராபெர்ரி போன்ற சுவைகள் வேண்டுமென்றே தவிர்க்கப்பட்டன. சுவைத்தவர்களுக்கு ஒரு டாலர் தள்ளுபடிச் சீட்டு வழங்கப்பட்டது. முடிவுகள் வருமாறு:

* 24 வகைகள் இருந்தபோது, கடந்து சென்ற 242 பேரில் 145 பேர் (60%) மேசையருகே நின்றனர். 6 வகைகள் இருந்தபோது 260 பேரில் 104 பேர் (40%) நின்றனர்.
* நின்றவர்கள் சுவைத்துப் பார்த்த வகைகளின் எண்ணிக்கை இரு நிலைகளிலும் ஏறக்குறைய ஒன்றே. சராசரியாக இரண்டுக்கும் குறைவு.
* 6 வகைகளைக் கண்டவர்களில் 31 பேர் (30%) ஜாம் வாங்கினர். 24 வகைகளைக் கண்டவர்களில் வாங்கியவர்கள் 4 பேர் (3%) மட்டுமே.

பெரிய எண்ணிக்கை மக்களை ஈர்த்தது. ஆனால் வாங்கச் செய்யவில்லை. ஈர்ப்பும் முடிவும் எதிரெதிர்த் திசையில் சென்றது இவ்வாய்வின் முக்கிய கண்டுபிடிப்பு எனப்படுகிறது.

அதே கட்டுரையில் மேலும் இரண்டு சோதனைகள் இடம்பெற்றன. ஒன்றில், கூடுதல் மதிப்பெண்ணுக்காகக் கட்டுரை எழுதும் வாய்ப்பு மாணவர்களுக்கு வழங்கப்பட்டது. 6 தலைப்புகள் தரப்பட்டவர்களில் 74% பேரும், 30 தலைப்புகள் தரப்பட்டவர்களில் 60% பேரும் கட்டுரை எழுதினர். குறைந்த தலைப்புகள் பெற்றவர்களின் கட்டுரைகள் தரத்திலும் சற்று மேம்பட்டிருந்தன. மற்றொன்றில் 6 அல்லது 30 சாக்லேட்டுகளிலிருந்து ஒன்றைத் தெரிந்து சுவைத்தனர். 30 இலிருந்து தெரிந்தவர்கள் தேர்ந்தெடுக்கும் செயலை அதிகம் விரும்பினர். ஆனால் தாம் தெரிந்த சாக்லேட்டில் குறைந்த நிறைவே அடைந்தனர். இறுதியில் பணத்துக்குப் பதிலாகச் சாக்லேட்டுப் பெட்டியைப் பெற்றுக்கொண்டவர்கள் 6 வகைக் குழுவில் 48%, 30 வகைக் குழுவில் 12%.

2004 இல் ஸ்வார்த்மோர் கல்லூரி உளவியலாளர் பாரி ஸ்வார்ட்ஸ் வெளியிட்ட "தி பாரடாக்ஸ் ஆஃப் சாய்ஸ்" என்ற நூல் இக்கருத்தைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றது. தெரிவுகளின் பெருக்கம் நுகர்வோரை மட்டுமன்றி, செல்வந்த நாடுகளின் மக்களுடைய மனநலத்தையே பாதிக்கிறது என்று ஸ்வார்ட்ஸ் வாதிட்டார். ஐயங்காரின் "தி ஆர்ட் ஆஃப் சூசிங்" என்ற நூல் 2010 இல் வெளியானது.

சுமை உருவாகும் விதம்

தெரிவுகள் கூடும்போது நிறைவு ஏன் குறைகிறது என்பதற்குப் பல விளக்கங்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. இவை ஒன்றையொன்று மறுப்பவை அல்ல.

ஒப்பிடும் உழைப்பு: மாற்றுகளை இரண்டிரண்டாக ஒப்பிடுவதானால் 6 மாற்றுகளுக்கு 15 ஒப்பீடுகள் தேவை, 24 மாற்றுகளுக்கு 276 ஒப்பீடுகள் தேவை. எண்ணிக்கை நான்கு மடங்கானால் உழைப்பு பதினெட்டு மடங்குக்கும் மேலாகிறது. எவரும் இத்தனையையும் செய்து முடிப்பதில்லை. ஆனால் செய்யாமல் விட்டோம் என்ற உணர்வு எஞ்சுகிறது.

வாய்ப்புச் செலவு: ஒன்றைத் தெரிவது மற்றவற்றைக் கைவிடுவதாகும். கைவிட்ட ஒவ்வொன்றிலும் ஏதேனும் ஒரு நல்ல கூறு இருக்கும். இழப்பின் வலி அதே அளவிலான பேற்றின் மகிழ்ச்சியைவிடப் பெரிது என்பதை 1979 இல் டேனியல் கானமனும் ட்வெர்ஸ்கியும் தம் எதிர்நோக்குக் கோட்பாட்டில் விளக்கினர். கைவிட்டவை பெருகினால் இழந்தவற்றின் பட்டியலும் பெருகுகிறது.

எதிர்பார்ப்பு உயர்வு: இரண்டே வகை இருந்தால் ஓரளவு நல்லது கிடைத்தாலே போதும். நூறு வகை இருந்தால், அவற்றில் குறையே இல்லாத ஒன்று இருக்க வேண்டும் என்ற எண்ணம் எழுகிறது. கிடைத்த பொருள் முன்னதைவிடச் சிறந்ததாயினும் எதிர்பார்ப்புக்குக் கீழேயே நிற்கிறது.

தன்னைக் குறைகூறல்: வேறு வழி இல்லாமல் வாங்கிய பொருள் சரியில்லையெனில் பழி உலகின் மேல் விழும். பலவற்றிலிருந்து தானே தெரிந்த பொருள் சரியில்லையெனில் பழி தன்மேலேயே விழும்.

மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு: டேனியல் கில்பர்ட்டும் ஜேன் எபர்ட்டும் 2002 இல் வெளியிட்ட ஆய்வில், ஒளிப்படப் பயிற்சி பெற்ற மாணவர்கள் தாம் எடுத்த இரண்டு படங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் எனப்பட்டது. சிலருக்கு முடிவைச் சில நாட்களுக்குள் மாற்றிக்கொள்ளும் உரிமை இருந்தது. அவ்வுரிமை பெற்றவர்கள் தம் படத்தைக் குறைவாகவே விரும்பினர். முடிந்த முடிவோடு மனம் ஒத்துப்போகிறது. முடியாத முடிவை அது மீண்டும் மீண்டும் எடைபோடுகிறது.

2018 இல் எலினா ரெயுட்ஸ்கயா, கோலின் கேமரர் முதலானோர் வெளியிட்ட ஆய்வு மூளையின் இயக்கத்தை அளந்தது. பொருளின்மேல் அச்சிடுவதற்காக 6, 12, 24 இயற்கைக் காட்சிப் படங்களிலிருந்து ஒன்றைத் தெரியுமாறு கேட்கப்பட்டபோது, முடிவெடுத்தலோடு தொடர்புடைய மூளைப் பகுதிகளின் செயற்பாடு 12 படங்கள் இருந்தபோது உச்சத்தை எட்டியது. குறைவான தெரிவு, மிகையான தெரிவு ஆகிய இரண்டுக்கும் நடுவில் ஓர் உகந்த அளவு உண்டு என்ற கருத்துக்கு இது வலுசேர்த்தது. அந்த அளவு 12 என்று கொள்ளலாகாது. அது பொருளையும் ஆளையும் பொறுத்து மாறும்.

உச்சம் நாடுவோரும் போதுமை நாடுவோரும்

ஒரே எண்ணிக்கை எல்லோரையும் ஒரே விதமாகப் பாதிப்பதில்லை. சைமனின் கருத்தைப் பின்பற்றி, ஸ்வார்ட்சும் உடனாய்வாளர்களும் 2002 இல் மக்களை இரு போக்குகளாகப் பிரித்து அளவிட்டனர். உச்சம் நாடுவோர் மிகச் சிறந்ததையே அடைய முயல்பவர்கள். போதுமை நாடுவோர் தம் அளவுகோலை எட்டிய ஒன்றை ஏற்பவர்கள். முன்னவர்களிடம் வருத்தமும் மனச்சோர்வும் கூடுதலாகவும், வாழ்க்கை நிறைவு குறைவாகவும் காணப்பட்டன.

ஐயங்கார், ரேச்சல் வெல்ஸ், ஸ்வார்ட்ஸ் ஆகியோர் 2006 இல் வெளியிட்ட ஆய்வு 11 கல்வி நிறுவனங்களின் இறுதியாண்டு மாணவர்களை வேலை தேடும் காலம் முழுவதும் பின்தொடர்ந்தது. உச்சம் நாடிய மாணவர்கள் ஏனையோரைவிட 20% கூடுதலான தொடக்க ஊதியம் பெற்றனர். ஆனால் பெற்ற வேலையில் அவர்களின் நிறைவு குறைவாகவும், தேடலின்போது பட்ட கவலை மிகுதியாகவும் இருந்தன.

போதுமை நாடுதல் "போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து" என்ற தமிழ்ப் பழமொழியை நினைவூட்டினாலும் இரண்டும் ஒன்றல்ல. பழமொழி ஆசையை அடக்குவதைப் பேசுகிறது. போதுமை நாடுபவரின் அளவுகோல் மிக உயர்வாகவும் இருக்கலாம்; அதை எட்டியதும் தேடலை நிறுத்துகிறார் என்பதே வேறுபாடு.

வாழ்வின் முக்கிய முடிவுகளில்

ஜாம் வாங்காமல் வீடு திரும்புவதால் பெரிய இழப்பு இல்லை. ஓய்வூதியம், மருத்துவம், கல்வி ஆகியவற்றில் நிலைமை வேறு.

ஓய்வூதியம்

ஐக்கிய அமெரிக்காவில் ஊழியர்கள் தம் ஊதியத்தின் ஒரு பகுதியை 401 (கே) எனப்படும் ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டங்களில் முதலிடுகின்றனர். ஐயங்கார், கர் ஹியூபர்மன், வெய் ஜியாங் ஆகியோர் ஏறத்தாழ 8 லட்சம் ஊழியர்களின் விவரங்களை ஆராய்ந்து 2004 இல் முடிவுகளை வெளியிட்டனர். திட்டத்தில் 10 நிதிகள் கூடும்போதெல்லாம் சேரும் ஊழியர்களின் பங்கு 1.5 முதல் 2 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்தது. சேராதவர்களில் பலர், நிறுவனம் தம் கணக்கில் சேர்த்திருக்கக்கூடிய பணத்தையும் இழந்தனர்.

சுவீடன் 2000 ஆம் ஆண்டில் ஓய்வூதியப் பங்களிப்பின் ஒரு பகுதியை மக்களே முதலிடும் முறையைக் கொண்டு வந்தது. அப்போது 456 நிதிகள் இருந்தன. தாமே தெரிவு செய்யுமாறு விளம்பரங்கள் ஊக்குவித்தன. முதலாண்டில் மூன்றில் இரண்டு பங்கினர் அவ்வாறே செய்தனர். தெரிவு செய்யாதவர்களின் பணம் அரசு அமைத்த இயல்பிருப்பு நிதிக்குச் சென்றது. அடுத்த மூன்றாண்டுகளில் பங்குச்சந்தை வீழ்ந்து இரு தரப்பினரும் இழந்தனர்; தாமே தெரிந்தவர்களின் சராசரி இழப்பு பெரிதாக இருந்தது. 2003 இல் புதிதாகச் சேர்ந்தவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே தாமாகத் தெரிவு செய்தனர். நிதிகளின் எண்ணிக்கை பின்னர் 800 ஐக் கடந்தது. அதன்பின் விதிகள் கடுமையாக்கப்பட்டு எண்ணிக்கை குறைக்கப்பட்டது.

மருத்துவம்

தெரிவுச் சுமை துறை வல்லுநர்களையும் பாதிக்கிறது. டொனால்ட் ரெடல்மையரும் ஷாஃபிரும் 1995 இல் வெளியிட்ட ஆய்வில், கனடாவின் ஒன்ராறியோ மாகாணக் குடும்ப மருத்துவர்களுக்கு இடுப்பு மூட்டு வலியுள்ள ஒரு நோயாளியின் விவரம் தரப்பட்டது. இன்னும் கொடுத்துப் பார்க்காத மருந்து ஒன்று மட்டும் இருப்பதாகக் கூறியபோது, 53% மருத்துவர்கள் மருந்தைத் தொடங்காமல் நோயாளியை அறுவை மருத்துவரிடம் அனுப்ப முடிவு செய்தனர். அத்தகைய மருந்துகள் இரண்டு இருப்பதாகக் கூறியபோது அவ்வாறு முடிவு செய்தவர்கள் 72%. எந்த மருந்து என்று முடிவு செய்வதன் கடினம், இரண்டு மருந்துகளையும் தவிர்க்கச் செய்தது.

தெரிவின் எண்ணிக்கை சிறிதாயினும் அதன் பொறுப்பு தாங்கவொண்ணாததாக இருக்கலாம். சிமோனா பொட்டி, கிறிஸ்டினா ஒர்ஃபாலி, ஐயங்கார் ஆகியோர் 2009 இல் வெளியிட்ட ஆய்வு, உயிர்காப்புக் கருவிகள் நிறுத்தப்பட்டதால் பச்சிளங்குழந்தையை இழந்த பெற்றோரிடம் எடுத்த நேர்காணல்களை அடிப்படையாகக் கொண்டது. அமெரிக்காவில் கருவியை நிறுத்தும் முடிவைப் பெற்றோர் எடுத்தனர்; பிரான்சில் மருத்துவர்கள் எடுத்தனர். அமெரிக்கப் பெற்றோரிடம் குற்றவுணர்வும் ஐயமும் கூடுதலாக நீடித்தன. ஆயினும் அவர்கள் முடிவெடுக்கும் உரிமையைப் பிறரிடம் விட்டுக்கொடுக்க விரும்பவில்லை.

கல்லூரிச் சேர்க்கை

தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்வு, மாணவர்கள் பெரிய தெரிவுப் பட்டியலை எதிர்கொள்ளும் ஒரு நிகழ்வு. 2017 வரை மாணவர்கள் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் வந்து, திரையில் காட்டப்பட்ட காலி இடங்களிலிருந்து ஒன்றைத் தெரிந்தனர். 2018 முதல் கலந்தாய்வு இணையவழியில் நடைபெறுகிறது. 400 க்கும் மேற்பட்ட கல்லூரிகளின் பாடப்பிரிவுகளிலிருந்து தமக்கு வேண்டியவற்றை மாணவர்கள் முன்னுரிமை வரிசையில் பதிகின்றனர். பயணச் செலவும் அலைச்சலும் குறைந்தன. வரிசைப்படுத்தும் பணி மாணவரிடம் வந்தது. ஒரே பாடப்பிரிவு பல கல்லூரிகளில் ஒரே பெயரில் இருப்பதால் ஒப்பிடுவது கடினம். எந்தத் துறை வேண்டும், வீட்டிலிருந்து எவ்வளவு தொலைவு செல்லலாம், எவ்வளவு கட்டணம் இயலும் ஆகிய மூன்றையும் முன்பே முடிவு செய்த மாணவருக்கு இப்பட்டியல் சிறியது. அவற்றை முடிவு செய்யாதவருக்கே அது நூற்றுக்கணக்கில் நீள்கிறது. எண்ணிக்கையைவிட விருப்பத்தின் தெளிவே சுமையைத் தீர்மானிக்கிறது என்ற ஆய்வு முடிவை இது விளக்குகிறது.

பண்பாடும் தெரிவுப் பற்றாக்குறையும்

தாமே தெரிவு செய்வது எல்லாச் சமூகங்களிலும் ஒரே மதிப்பைப் பெறுவதில்லை. ஐயங்காரும் லெப்பரும் 1999 இல் வெளியிட்ட ஆய்வில், சொற்புதிர்களைச் சிறுவர்கள் விடுவித்தனர். ஐரோப்பிய வழி அமெரிக்கச் சிறுவர்கள் தாமே தெரிந்த புதிர்களில் சிறந்து விளங்கினர். ஆசிய வழி அமெரிக்கச் சிறுவர்கள் தம் தாய் தெரிந்ததாகக் கூறப்பட்ட புதிர்களில் மிகச் சிறந்து விளங்கினர். நம்பிக்கைக்குரிய ஒருவர் தமக்காகத் தெரிவு செய்வதை உரிமை இழப்பாக அவர்கள் கொள்ளவில்லை.

தெரிவு மிகையைப் பற்றிய பெரும்பாலான ஆய்வுகள் செல்வந்த நாடுகளில் நடத்தப்பட்டவை. இந்தியாவில் 1980களின் தொடக்கம் வரை மகிழுந்து வாங்க விரும்பியவருக்கு அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, சென்னையில் உருவாக்கப்பட்ட ஸ்டாண்டர்ட் என மிகச் சில வகைகளே இருந்தன. ஸ்கூட்டருக்கும் தொலைபேசி இணைப்புக்கும் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். 1991 இன் பொருளாதாரத் தாராளமயத்துக்குப் பின் வந்த பெருக்கத்தைப் பலர் விடுதலையாகவே உணர்ந்தனர்.

ரெயுட்ஸ்கயாவும் உடனாய்வாளர்களும் இந்தியா, சீனா, சப்பான், பிரேசில், உருசியா, ஐக்கிய அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் நடத்தி 2022 இல் வெளியிட்ட ஆய்வு இதனை அளவிட்டது. ஐக்கிய அமெரிக்காவுக்கு வெளியே, தெரிவு மிகையைவிடத் தெரிவுப் பற்றாக்குறையே பரவலாக உணரப்பட்டது.

விமர்சனங்கள்

ஜாம் ஆய்வின் முடிவை எல்லாச் சூழல்களுக்கும் பொதுமைப்படுத்துவது கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. தெரிவுகள் கூடுவதால் உண்மையிலேயே விற்பனை பத்தில் ஒரு பங்காகக் குறையுமானால், ஆயிரக்கணக்கான பொருள்களை அடுக்கும் அங்காடிகள் எப்படிச் செழிக்கின்றன என்ற வினா எழுப்பப்பட்டது.

2010 இல் பெஞ்சமின் ஷைபெஹென்ன, ரைனர் கிரைஃபெனெடர், பீட்டர் டாட் ஆகியோர், 5,036 பேர் பங்குகொண்ட 50 சோதனைகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துத் தொகுப்பாய்வு செய்தனர். சராசரி விளைவு ஏறத்தாழச் சுழியமாக இருந்தது. இதன் பொருள் விளைவே இல்லை என்பதன்று. சில சோதனைகளில் கூடுதல் தெரிவு தீங்காகவும், சிலவற்றில் நன்மையாகவும் அமைந்து, சராசரியில் ஒன்றையொன்று ஈடுசெய்தன.

எப்போது தீங்காகிறது என்ற வினாவை 2015 இல் அலெக்சாண்டர் செர்னெவ், உல்ஃப் பேக்கன்ஹோல்ட், ஜோசப் குட்மன் ஆகியோர் எடுத்துக்கொண்டனர். 99 முடிவுகளைத் தொகுத்து நான்கு காரணிகளை அவர்கள் இனங்கண்டனர்:

* தெரிவுத் தொகுதியின் சிக்கல்: மாற்றுகள் ஒன்றுக்கொன்று ஒப்பிட முடியாதபடி வேறுபட்டிருத்தல், தெளிவாக மேம்பட்ட ஒன்று இல்லாதிருத்தல்
* முடிவெடுக்கும் பணியின் கடினம்: நேர நெருக்கடி, தகவல் ஒழுங்கின்றித் தரப்படுதல்
* விருப்பத்தின் தெளிவின்மை: தனக்கு எது வேண்டும் என்று முன்பே அறியாதிருத்தல்
* நோக்கம்: வெறுமனே பார்வையிடாமல் ஒன்றை உறுதியாகத் தெரிந்தே ஆக வேண்டியிருத்தல்

இவை கூடும்போது சுமை கூடுகிறது. இவை இல்லாதபோது பெரிய எண்ணிக்கை நன்மையே செய்யக்கூடும். ஜாம் ஆய்வில் பழக்கமான சுவைகள் நீக்கப்பட்டிருந்ததால், வாடிக்கையாளருக்கு முன்பே உருவான விருப்பம் இல்லாமற் போயிருக்கலாம் என்பதும் இதன் ஒளியில் நோக்கத்தக்கது.

தொடர்புடைய மற்றொரு கருத்தான முடிவுச் சோர்வும் மறுபரிசீலனைக்கு உள்ளாகியுள்ளது. தொடர்ந்து முடிவெடுப்பது மனவுறுதியைத் தீர்த்துவிடும் என்று 2008 இல் வெளியான ஆய்வு ஒன்று கூறியது. ஆனால் மனவுறுதி பயன்பாட்டால் தீர்ந்துபோகும் என்ற அடிப்படைக் கருத்தை 23 ஆய்வகங்களில் சோதித்து 2016 இல் வெளியான மீள்சோதனையில் எதிர்பார்த்த விளைவு காணப்படவில்லை.

தெரிவுச் சுமை என்ற பெயரால் மக்களின் உரிமையைக் குறைக்க இடமளிக்கலாகாது என்ற கவலையும் உண்டு. எவற்றை நீக்குவது என்று முடிவு செய்பவர் யார், அவர் யாருடைய நலனுக்காகச் செய்கிறார் என்பன எண்ணிக்கையைவிட முக்கியமான வினாக்கள் ஆகின்றன.

சுமையைக் குறைக்கும் வழிகள்

இயல்பிருப்புத் தெரிவு: எதையும் தெரிவு செய்யாதவருக்கு ஏற்ற ஒன்றை முன்பே அமைத்து வைத்து, விரும்பியவர் மாற்றிக்கொள்ள விடுதல். ரிச்சர்ட் தேலரும் காஸ் சன்ஸ்டீனும் 2008 இல் வெளியிட்ட "நட்ஜ்" என்ற நூல் இவ்வழியை வலியுறுத்தியது. தேலருக்கு 2017 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இயல்பிருப்பு மோசமாக அமைந்தால் பெரும்பாலோர் அதிலேயே தங்கிவிடுவர் என்பது இதன் ஆபத்து.

வகைப்படுத்தல்: மாற்றுகளை நீக்காமல், பொருளுள்ள பிரிவுகளாக அடுக்குதல். இந்தியப் பங்குப் பரிவர்த்தனை வாரியம் (செபி) 2017 அக்டோபரில் பரஸ்பர நிதித் திட்டங்களை 36 வகைகளாகப் பிரித்தது. சில விலக்குகள் தவிர, ஒரு நிறுவனம் ஒரு வகையில் ஒரு திட்டத்தையே நடத்தலாம் என்று விதித்தது. முதலீட்டாளர்கள் திட்டங்களை ஒப்பிட்டு முடிவெடுக்க உதவுவது இதன் நோக்கம்.

அளவுகோலை முன்னதாக வகுத்தல்: பட்டியலைப் பார்ப்பதற்கு முன்பே வேண்டியவற்றை எழுதி வைத்து, அவற்றை நிறைவு செய்யாதவற்றை முதலில் விலக்குதல். இது சைமனின் போதுமை காணலை நடைமுறைப்படுத்துவதாகும்.

முடிவை முடிவாகக் கொள்ளுதல்: சிறிய செயல்களில், தெரிந்த பின் மற்ற மாற்றுகளை மீண்டும் ஆராயாதிருத்தல். கில்பர்ட், எபர்ட் ஆகியோரின் ஆய்வு இதற்கு ஆதரவாக அமைகிறது.

இவற்றையும் பார்க்க

* வரம்புற்ற பகுத்தறிவு
* நடத்தைப் பொருளியல்
* வாய்ப்புச் செலவு
* எதிர்நோக்குக் கோட்பாடு
* ஹிக் விதி
* ஹெர்பர்ட் சைமன்
* டேனியல் கானமன்